முகத்துக்கு நேராக

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் என்னோடு ரயில் ஏறும் அவருக்கு ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. தினமும் போனில் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சண்டைதான் பார்ப்பார். எதிர்க்கட்சிக்காரர் எழுந்து நின்றாலே போதும், வாயைத் திறப்பதற்கு முன்பே இவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

“பாருங்க, பிரதமர் எதிர்லயே உக்காந்திருக்காரு. மூஞ்சிக்கு நேரா கிழிக்கறான். அவரும் எழுந்து பதில் சொல்லித்தான் ஆகணும்” என்றார் ஒருநாள்.

“இங்கயும்தான் திட்டிக்கறாங்களே சார்?”

“இங்க கேமராவைப் பாத்துத் திட்டறாங்க. திட்டு வாங்கறவர் வேற ஊர்ல இருப்பாரு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீடியோவை அனுப்பச் சொன்னேன். அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது.

“யாருக்கும் அனுப்பறதில்லங்க. லைக்கும் போடறதில்ல. அடுத்த மாசம் சென்னைல அக்கா பொண்ணு கல்யாணம். தாய்மாமன், போயே ஆகணும். திரும்பி வர அங்க அமெரிக்கத் தூதரகத்துல பாஸ்போர்ட்டைக் குடுத்து விசா ஸ்டாம்பிங் பண்ணணும். நம்ம சோஷியல் மீடியா அக்கவுன்ட்ல என்னெல்லாம் இருக்குன்னு பாக்கறாங்களாம்.”

“இது பிரிட்டன் விஷயம்தானே சார்? அவங்க ஏதோ பேசிக்கறாங்க.”

“பேசினது அவங்க. சிரிச்சது நான்தானே?”

நானும் அதே விசாவில்தான் இருக்கிறேன்.

கல்யாணம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள். நேற்று ரயிலில், ‘ஸ்டாம்பிங் ஆச்சா சார்?’ என்று அவருக்கு டைப் பண்ணினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழித்துவிட்டேன்.