மூன்றாவது மாடி வகுப்பு

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் என்னை வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள். கோலார் தங்கவயலில் பிறந்தவள் நான். பூமிக்கடியில் வேலை பார்த்த என் அப்பாவே இந்தக் கதைகளைக் கேட்டால் சிரிப்பார்.

போன வருஷம் நானும் என் கணவர் பிரபுவும் பெங்களூரில் வீடு தேடிக்கொண்டிருந்தோம், வேலைக்காகத் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போய் அலுத்துவிட்டது. யுனிவர்சிட்டியை ஒட்டி ஒரு ஃப்ளாட் இருப்பதாக புரோக்கர் மஞ்சுநாத் சொன்னதும் எனக்கு மனசு துள்ளியது. ஏனென்றால் அதே யுனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி. ஜியாலஜிக்கு இடம் கிடைத்தும், சுரங்கத்தை மூடி அப்பாவுக்கு வேலை போனதால் சேர முடியாமல் போனவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி, நல்ல வெயில். தெரு முழுக்க ஜெராக்ஸ் கடை, மெஸ், பையும் கையுமாகப் பிள்ளைகள். மூன்றாவது மாடியில் கடைசி வீடு. படுக்கையறைக்குள் போனேன், நம்பினால் நம்புங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறார், சாக்பீஸ் கரும்பலகையில் படும் சத்தம்கூடக் கேட்கிறது.

"பக்கத்து வீட்ல டியூஷன் எடுக்கறாங்களா?" என்றேன்.

"அந்தப் பக்கம் வீடே இல்ல மேடம்," என்று மஞ்சுநாத் ஜன்னலைத் திறந்து காட்டினார். மரங்கள், கீழே காம்பவுண்டு சுவர், அவ்வளவுதான்.

பிரபு சுவரில் காதை வைத்துப் பார்த்தார். "ஸ்டெல்லா, எனக்கும் கேக்குது. வா, போயிடலாம்."

எனக்கோ பயமே வரவில்லை, ஓடிப்போய் முன் வரிசையில் உட்கார வேண்டும் போல ஒரு சந்தோஷம். குவார்ட்ஸ் பாறைக்குள் தங்கம் எப்படி வந்து சேர்ந்தது என்று அந்தக் குரல் கேட்டது. பிறகு, "ஏ. ஸ்டெல்லா" என்று கூப்பிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியலோடு யாருமே என்னைக் கூப்பிட்டதில்லை. நான் நிமிர்ந்து நின்று, "தெரியாது சார்" என்றேன்.

"வெரி குட். சிட் டவுன்."

அதோடு சத்தம் நின்றுவிட்டது.

வேண்டவே வேண்டாம் என்று பிரபு ஒரு வாரம் சண்டை போட்டார், நான் விடவில்லை, அந்த வீட்டையே வாங்கினோம். குடிவந்து எட்டு மாதமாகிறது, ஞாயிறு பதினோரு மணிக்கு அந்தச் சுவர் பக்கம் போய் உட்கார்ந்து பார்க்கிறேன், ஒரு சத்தமும் இல்லை.

போன மாதம் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே கேட்டேன், "தெரியாதுன்னு சொன்னதுக்குப் போய் வெரி குட் சொல்லுவாங்களா?"

பிரபு சாப்பிடுவதை நிறுத்தினார். "நீ எங்க தெரியாதுன்னு சொன்ன? பத்து நிமிஷம் இங்கிலீஷ்ல பேசின. சுவத்துல விரலால படம் வேற போட்டுக் காட்டின."

உடனே மஞ்சுநாத்துக்கு போன் போட்டேன். "ஹௌது, ஆமா மேடம், நானும் பாத்துட்டுத்தானே நின்னேன்," என்றார் அவர்.

நான் என்ன சொன்னேன் என்று இருவருக்குமே புரியவில்லையாம். தங்கத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.