காட்டுக் கற்றாழை கட்டிய வாசல்கள்

கண்டி மலைப்பக்கம், கலஹாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் தேயிலை வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த பாறைச் சரிவு. வேர் ஊன்ற மண் போதாது என்று துரைமார் அதை விட்டுவைத்தார்கள். அதன் வெடிப்புகளில் காட்டுக் கற்றாழை வளர்ந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்கள் தலைக்குத் தேய்க்க வளர்த்தார்களே, அந்தத் தடித்த ஜாதி வேறு. இதற்கு மடல் ஒல்லி, முள் கூர்மை, உள்ளே சோறும் கொஞ்சம்தான். சுற்றியிருந்த எந்த மலையிலும் நான் அதைக் கண்டதில்லை.

பாறையின் அடியில் இருந்த ஒரு கீற்று மண்ணில்தான் லயத்துப் பச்சைப் பிள்ளைகளைப் புதைப்பார்கள். எனக்கு முன்னால் பிறந்து, பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட அண்ணனும் அங்கேதான். கல் நட வசதி ஏது? அவன் தலைமாட்டில் ஒரு கற்றாழைத் தூர் இருந்தது. அம்மாவுக்கு அதுதான் அடையாளம். நல்ல நாள் வந்தால் முதலில் அங்கே போய்ச் சூடம் கொளுத்திவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் லயத்தில் வாந்திபேதி வந்தது. அரிசி கிடைக்காத காலம். வெறும் வயிற்றுக்காரர்களை அது சீக்கிரம் சாய்த்தது. வாசலுக்கு வாசல் கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டச் சொன்னார் பூசாரி. மண்ணே இல்லாமல் பச்சையாக நிற்கும் செடி, கெட்டது எதையும் வீட்டுக்குள் அண்டவிடாது என்பது எங்கள் நம்பிக்கை. பீலிக்கரைச் செடி ஆகாதா என்று யாரோ கேட்டதற்கு, "அது எச்சித் தண்ணி குடிச்சு வளந்தது, காவலுக்கு ஆகாது" என்றுவிட்டார். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் காய்ச்சாமல் குடித்துக்கொண்டிருந்தோம். அதைச் சொல்ல ஒரு நாதி இல்லை. மடலை மட்டும் அறுத்திருந்தால் மறுபடி துளிர்த்திருக்கும். வேர் வேண்டுமே! கொஞ்ச நாளில் பாறை மொட்டையாகிவிட்டது.

அண்ணன் தலைமாட்டுத் தூரை மட்டும் யாரும் தொடவில்லை. அவ்வளவு ஈரம் எங்கள் சனங்களுக்கு இருந்தது. பிறகு எனக்கும் நோய் வந்தது. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா போய் அதையும் பிடுங்கிவந்து எங்கள் வாசலில் கட்டினார்.

"அவன் தலமாட்டுல இருந்ததாங்க?" என்றாள் அம்மா.

"போனவனுக்குக் காவல் எதுக்கு? இருக்கிறதக் காப்பாத்துவோம்."

என்னைக் காப்பாற்றியது தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஏற்றிய சேலைன். அப்பா சாகும்வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் செடிக்காக அவரை வெறுக்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். எனக்காகப் பிடுங்கியவரை நான் எப்படி வெறுப்பது?

அடுத்த மழையில், பிடித்துவைக்க வேரில்லாமல் சரிவின் மண் இறங்கி, கீழே பச்சைப் பிள்ளைகளைப் புதைத்த சின்ன மேடுகளை மூடிவிட்டது. கற்றாழை திரும்ப முளைக்கவே இல்லை. காட்டுச் செடிகள் அழிவதற்குத் தீ, மாடு, கோடரி என்று படித்தவர்கள் காரணம் சொல்லப் பின்னாளில் கேட்டிருக்கிறேன். எங்கள் பாறையை மொட்டையடித்தது பயம்.

இந்தியாவுக்குப் போவதாக அப்பா முன்பே அரசாங்கத்துக்கு எழுதிக்கொடுத்திருந்தார். உத்தரவும் வந்தது. புறப்படும் அன்று, கப்பலேறத் தலைமன்னார் போகும் ரயிலுக்காக எங்களைக் கண்டிக்கு ஏற்றிப்போக லொறி வந்து நின்றது. அம்மா சூடக்கட்டிகளை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன். மண் எங்கும் ஒரே மாதிரி கிடந்தது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று காலால் அளந்து பார்த்தாள். உட்கார்ந்து மண்ணைத் தடவினாள். அப்பா லொறியடியில் நின்று கூப்பிட்டார். மேலே மட்டும் அவர் வரவில்லை.

அம்மா சூடத்தை நகத்தால் சின்னச் சின்னத் துண்டாக உடைத்தாள். பாறையடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒன்றாக வைத்துக் கொளுத்திக்கொண்டே போனாள். காற்று அணைத்ததை எல்லாம் திரும்பி வந்து மறுபடி கொளுத்தினாள்.

"ஏதாச்சும் ஒண்ணுல இருப்பான் புள்ள" என்றாள்.