அடுப்படிக்குத் தம்பி சொன்ன பாலிஷ்

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. நாலு பேர் முன் பேசவே கூச்சம், இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. தம்பியின் முதல் வருடத் திதிக்கு உடன்பிறந்த ஆச்சி, அதாவது அக்கா நான்தான் எழுத வேண்டும் என்று தம்பி மகன் சொல்லிவிட்டான்.

தம்பி பிறந்தது பள்ளத்தூரில். அவர் நடக்கப் பழகுமுன்பே எங்களைப் பெற்ற அப்பச்சி போய்விட்டார்கள். வெளியூர் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை பிரித்து வளர்ந்தார். பிறகு காரைக்குடியில் சொந்தக் கடை வைத்தார். அந்த மிளகாய்த் தூசியில்தான் நெஞ்சு கெட்டது என்றார் டாக்டர். மனைவி போன பிறகு தானே உலை வைத்து மகனை ஆளாக்கினார். யாரையும் கடிந்து பேசியதில்லை.

கல்யாணமான மகனையும் மருமகளையும் வேறு வைப்பது, அதாவது ஒரே வீட்டில் தனி அடுப்பு ஏற்றிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ஆசை. அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். புது அடுப்படியில் தேக்கு அலமாரி அடித்தாகிவிட்டது. மேலே என்ன பூசுவது என்பதில் வந்து நின்றது.

ஆசாரி இரண்டு வழி சொன்னார். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் வாடை குறைவு, தம்பி வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் மஞ்சள் கறை பிடிக்கும், அவ்வப்போது திரும்பத் தேய்க்க வேண்டும். பியூ பாலிஷ் அடித்தால் தண்ணீரும் எண்ணெயும் ஏறாது. ஆனால் தின்னர் வாடை அடங்கும்வரை நெஞ்சு நோய்க்காரர் அந்த வீட்டில் இருக்கக்கூடாது.

மருமகள் எண்ணெயே போதும் என்றாள். "தேய்க்கிறதெல்லாம் ஒரு வேலையா மாமா? நீங்க வீட்டுல இருக்கீகன்னா அதே போதும்."

தம்பி சிரித்தார். "நீ சமைப்பியா, அலமாரியக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பியா ஆத்தா? பாலிஷே அடிக்கட்டும். நான் ஆச்சி வீட்டுல இருந்துட்டு வாரேன்."

கோட்டையூரில் என் வீட்டுக்கு வந்தார். வாடை போச்சா என்று மகனிடம் தினமும் போனில் கேட்பார். அடைமழை. ஈரத்தில் வாடை அடங்கவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது மெல்லக் கேட்டார்.

"ஆச்சி, வாடையோடயே போயிருவமா? பால் பொங்குறத மட்டும் பாத்துட்டு வந்துருவேன்."

மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கஞ்சி பாதியில் நின்றது. மூச்சு இழுத்தது. கார் வருவதற்குள் முடிந்துவிட்டது.

வாடையோடுதான் வீட்டுக்குப் போனார். முகப்பில் கிடத்தியிருந்தோம். ஊதுபத்தியையும் மீறி பாலிஷ் நெடி வந்தது. வந்தவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் இருமவில்லை.

துக்கம் நடந்த வீடு என்று வேறு வைப்பதைத் தள்ளிவைத்தார்கள். அடுப்படி வருடம் பூராவும் பூட்டியே கிடந்தது. இந்தத் திதி முடிந்து நல்ல நாளில் அடுப்பு ஏற்றுகிறார்கள். நேற்று நான் போய் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். வாடை துளியும் இல்லை.

மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார், தூக்கிச் சென்ற பங்காளிகள், கடைசிவரை மருந்து கொடுத்த டாக்டர், அன்று கூலியே வாங்காமல் போன கார்க்காரர், எல்லாருக்கும் கும்பிடு.

முன்னே பின்னே எழுதியிருப்பேன். கடை விவரமும் டாக்டர் சொன்னதும் சரிதானா என்று தம்பி மகன் பார்த்துத் திருத்த வேண்டும். வாடை போய்விட்டது என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.