பாலோவில் விட்ட பர்ஸ்

காலை எட்டு மணிக்கு மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் காரில் ஏறினோம். குளுவாங் வழியாக பாலோவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சாலையின் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஊர்ந்தது, பின்னால் நாங்கள் ஊர்ந்தோம். என் மனைவி அமலாவின் அத்தை பாலோ கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும் என்பது அமலாவின் நெடுநாள் ஆசை. வண்டி ஓட்டியவர் அந்த அத்தையின் மகன் சவரிமுத்து. பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மூன்று நாளாக எங்களைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறவர். இவ்வளவு நல்லவரை எனக்குப் பிடிக்கவில்லை.

முறைப்படி அமலாவைக் கட்டியிருக்க வேண்டியவர் அவர்தான். அத்தை மகனை மணக்க எங்கள் திருச்சபையில் தனி அனுமதி வாங்கவேண்டும். நல்லவேளை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனாலும் அமலா அவரை 'அத்தான்' என்கிறாள். எனக்கு இத்தனை வருடமாக வெறும் 'என்னங்க'தான்.

ஒன்பது மணிக்கு பாலோ வந்தது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு ரயில் நிலையம், நிறைய வெயில். ஒரு தமிழம்மாள் நடத்தும் கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். நுரை பொங்க இழுத்து ஆற்றிய தேநீர் இரண்டு ரிங்கிட். அத்தானும் மாமன் மகளும் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நான் சுவரிலிருந்த விலைப்பட்டியலை இரண்டு முறை படித்தேன்.

பிறகு கல்லாவில் வழக்கமான யுத்தம் நடந்தது. பில்லுக்குப் பணம் கொடுக்க இரண்டு தமிழர்கள் சண்டை போடாவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. நான் பர்ஸை எடுத்து முன்னே நீட்டினேன். சவரிமுத்து என் கையைத் தள்ளினார்.

"அண்ணே, எங்க ஊர்ல வந்து நீங்க காசு குடுக்கிறதா? அசிங்கம் லா!"

"மூணு நாளா நீங்கதானே கொடுக்கிறீங்க?"

"விடுங்களேன், அத்தான் ஆசையா குடுக்கிறாங்க," என்றாள் அமலா.

அந்தத் தீர்ப்போடு நான் வெளியே போய்விட்டேன். பிறகு கல்லறைக்குப் போனோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். திரும்பும் வழியில், குளுவாங் பெட்ரோல் நிலையத்தில், இந்த முறை நான் முந்திவிடுவது என்று பாய்ந்து இறங்கிப் பையில் கைவிட்டேன். பர்ஸ் இல்லை.

கையிலிருந்த ரிங்கிட் முழுவதும், ஒரே வங்கி அட்டையும் அதில்தான். பாஸ்போர்ட் இடுப்புப் பையில் பத்திரமாக இருந்தது. அடையாள அட்டையையும் பணத்தையும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பது பயண விதி. மறுநாள் எங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்து விமானம். பர்ஸ் கிடைக்காவிட்டால் பேருந்துக் கட்டணத்துக்குக்கூட அவரிடம் கை நீட்டவேண்டும். உலகத்தில் வேறு யாரிடம் வேண்டுமானாலும் நீட்டியிருப்பேன்.

செய்யவேண்டியதை வரிசையாகச் செய்தேன். வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்கினேன். அடுத்தது போலீஸ் புகார்.

"கடைக்கு ஒரு நடை போய்ப் பாக்கலாமே அண்ணே," என்றார் சவரிமுத்து.

"முதலில் புகார். அதுதான் முறை," என்றேன்.

காவல் நிலையத்தில் ஓர் இளம் மலாய்க்காரர் கணினி முன் உட்கார்ந்திருந்தார். மலாயில் கேட்டார். சவரிமுத்து தமிழில் சொன்னார்: "கடைசியா எங்க வச்சு பர்ஸை வெளிய எடுத்தீங்கன்னு கேக்கிறாரு."

பத்திரப்பதிவுத் துறையில் ஆயிரம் பேரிடம் கேள்வி கேட்டவன் நான். காலிப் பையை இன்னொரு முறை தடவினேன்.

"கல்லாவுல," என்றாள் அமலா. "மேசை மேல வச்சாரு. அப்புறம் கோவிச்சிக்கிட்டு வெளிய போனாரு."

சவரிமுத்து அதை மொழிபெயர்த்தார். கோபத்தையும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன், காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுபடியும் பாலோ. கடைக்கார அம்மாள் எங்களைக் கண்டதும் கல்லாப்பெட்டியைத் திறந்து பர்ஸை எடுத்தார். நேராகச் சவரிமுத்துவிடம் நீட்டினார்.

"இந்தாங்கண்ணே. வருவீங்கன்னு தெரியும் லா."

"அலமாக்! என்னுது இல்லக்கா. இவரோடது."

அம்மாளின் கை பின்வாங்கியது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். அமலாவையும் ஒரு முறை பார்த்தார். "இவரோடதா? அப்ப உள்ள என்ன இருக்குன்னு அவரே சொல்லட்டும்."

சரியான நடைமுறை. அவரிடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ரிங்கிட், அட்டை, அட்டையிலுள்ள பெயர், பழைய பேருந்துச் சீட்டு என்று ஒப்பித்தேன்.

"இன்னொண்ணு இருக்கு."

எனக்குத் தெரியும். சவரிமுத்துவின் முன்னால் அதைச் சொல்வதைவிடப் பர்ஸையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வீட்டுக்காரி படம்."

"அதான்! இந்தம்மா படம். தாடையில மச்சம் இருக்கு பாருங்க. இவங்க ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே சாப்பிட்டாங்களா, நான் இந்தண்ணன் சம்சாரம்னு நெனைச்சேன். நீங்க சும்மா கூட வந்த ஆளுன்னு..."

அமலா படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "ஐயோ, கல்யாணமான புதுசுல ரேஷன் கார்டுக்கு எடுத்தது! இத எதுக்கு வச்சிருக்கீங்க?"

"விண்ணப்பத்துக்கு இரண்டு போதும் என்றார்கள். ஒன்று மீந்தது."

அவள் முகம் சிவந்தது. சவரிமுத்து படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கு ஊர்லேருந்து ஒரு படம் அனுப்புனாங்க, அமலா சின்னப் பொண்ணா இருக்கிறப்ப," என்றார். "தோட்டத்து வீட்ட காலி பண்றப்ப எங்க போச்சோ."

அடுத்தவனுக்குக் கிடைத்ததைப் பார்க்கிற அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று நாளாக அதை நான்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் ஜோகூர் பாரு பேருந்து நிலையத்தில் அவர் எங்களை இறக்கிவிட்டார். சீட்டை நானே வாங்கினேன். அவர் சண்டை போடவில்லை. பேருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் மேல் நெரிசலில் நின்றது. எங்கள் திண்டுக்கல் பேருந்துகளில் இந்நேரம் நாலு பேர் ஓட்டுநரைத் திட்டியிருப்பார்கள். இங்கே எல்லாரும் போனைப் பார்த்தபடி அமைதியாக இருந்தார்கள்.

"அந்தப் படத்த அத்தானுக்குக் குடுத்திருக்கலாம்," என்றாள் அமலா. "பாவம், தனியா இருக்காங்க. உங்ககிட்டதான் நானே இருக்கேனே."

"மூலப் பத்திரத்தை யாரும் கைமாற்றமாட்டார்கள்," என்றேன்.

"நகல்?"

"விண்ணப்பிக்கட்டும்," என்றேன். பர்ஸ் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.