கேட்டவர் கட்டவேண்டிய பராமரிப்புச் செலவு

வெளியார் ஒருவர் கேட்டு, அவருக்காகவே போடப்படும் கிளை ரயில் பாதையின் பராமரிப்புச் செலவை ஆண்டுதோறும் அவரே கட்ட வேண்டும். கட்டத் தவறினால் அறிவிப்புக் கொடுத்துப் பாதையை மூடிவிட்டு, நிலத்தை வருவாய்த் துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். விதி இவ்வளவுதான். ரயில்வேயின் பொறியியல் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து தலைமை எழுத்தராக வெளியே வந்த எனக்கு இது மனப்பாடம். இதன் முதல் பாதிப்படி பில் அனுப்ப எங்கள் அலுவலகம் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

இலுப்பூர் சாலையை ஒட்டி உள்ளே தள்ளி ஒரு பாறைக் குன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளம் ஒன்றுக்கு ஜல்லி வேண்டியிருந்ததால், பிரதான பாதையிலிருந்து அந்தக் குன்றுவரை மண்கரை எழுப்பி ஒரு சின்ன ரயில் பாதை போட்டார்கள். கேட்டது, போர்ச் சாமான்களைக் கவனித்துவந்த வெள்ளைக்கார அரசின் அலுவலகம் ஒன்று. போர் முடிந்ததும் அந்த அலுவலகத்தைக் கலைத்தார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். பிறகு அந்த அரசே கப்பல் ஏறிப் போய்விட்டது. பராமரிப்பு பில் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத் தட்டச்சு செய்தவன் நானே. இல்லாத அலுவலகத்தின் பெயருக்குப் பதிவுத் தபால். 'பெறுநர் இல்லை' என்று உறை திரும்பி வரும். அனுப்பியதற்கு அதுவே அத்தாட்சி என்று கோப்பில் சேர்ப்போம். எனக்குப் பொறுக்காமல் ஒருநாள் தலைமை எழுத்தரிடம் கேட்டேன்.

"இத ஏன் சார் அனுப்புறோம்?"

"அனுப்பலேன்னா ஆடிட்ல நம்மளக் கேப்பான். அனுப்பிட்டா அவனக் கேப்பான்."

"அவன்தான் இல்லையே சார்."

"அப்ப யாரையும் கேக்க மாட்டான். அதானய்யா வேணும்."

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பாதையை மூட வேண்டுமானால் நிலுவையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். தள்ளுபடிக்கு, கேட்டவரின் விளக்கம் கோப்பில் இருக்க வேண்டும். விளக்கம் வராததால் நிலுவை அப்படியே நின்றது. நிலுவை நின்றதால் தண்டவாளம் இல்லாத அந்தப் பாதை கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. பில் கட்டாத பாதைக்கு ஆள் அனுப்பக் கூடாது என்பதால் யாரும் அதைப் பராமரிக்கவும் இல்லை.

இதையெல்லாம் காபிக் கடையில் சொல்லிச் சிரிக்கும் கதையாகத்தான் வைத்திருந்தேன், என் தங்கை அந்தக் கரைக்கு மேற்கே இரண்டு ஏக்கர் வாங்கும்வரை. அவள் கணவர் குவைத்தில் பத்து வருடம் வெயில் தின்று சேர்த்த காசு. நிலம் மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்பது முதல் ஐப்பசியில் தெரிந்தது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பூமி அது. குறுக்கே ரயில் கரை. கரைக்கு அடியில் தண்ணீர் போக ஒற்றைக் கண் பாலம் ஒன்று. ஓடுகிற பாதையாக இருந்தால் மழைக்கு முன்பே கேங்மேன்கள் வந்து பாலத்தின் கண்ணைத் தூர்வாரிவிடுவார்கள். இங்கே அப்படி யாரும் வந்ததில்லை. மண்ணும் கருவேல முள்ளும் அடைத்துக்கொண்டிருந்தன. நட்டு ஒரு மாதமான சம்பா நாற்று பத்து நாள் தண்ணீருக்குள் நின்று அழுகியது.

"ஒரு ஜேசிபிய விட்டா அரை மணி நேர வேலை மச்சான்," என்றார் தங்கை கணவர்.

"ரயில்வே நிலம் மாப்ளை. கரையில கை வச்சா கேஸு."

"ரயிலே இல்லாத எடத்துக்கு என்ன ரயில்வே?"

தங்கை குறுக்கே விழுந்தாள். "நீங்க சும்மா இருங்க. பயலுக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேசன் வர்ற நேரம். வீட்டு மேல கேஸு இருந்தா அவன் எங்கிட்டுப் போவான்? அண்ணே, நீங்க மொறையா எழுதிப் போடுங்கண்ணே."

என் பழைய அலுவலகத்துக்கே முறையாக எழுதினேன். அவள் கையொப்பத்துடன், என் திருக்கோகர்ணம் முகவரியிட்டு, வரைபடம், பட்டா நகல், புகைப்படம் எல்லாம் இணைத்தேன். பாலத்தின் கண்ணைத் தூர்வாருங்கள், அல்லது எங்கள் செலவில் நாங்களே தூர்வார அனுமதியுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. ஒப்புகை அட்டை வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. கோடையில் நேரில் போனேன். என் பழைய நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர் இருந்தார். மரியாதையான பிள்ளை.

"சார், ஒங்களுக்குத் தெரியாததா? பார்ட்டி கன்சென்ட் வேணும்ல?"

"பார்ட்டி வெள்ளைக்காரன் தம்பி."

"அட்ரஸ் இருக்கா சார்?"

அவர் கேலி செய்யவில்லை. கோப்பை எடுத்துக் காட்டினார். மேலே கிடந்தது, அந்த வருடம் திரும்பி வந்த உறை.

புரட்டாசியில் மறுபடியும் நட்டார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் வயலைச் சும்மா போட்டால் ஊரில் என்ன பேசுவார்கள் என்பது தங்கையின் கவலை. ஐப்பசி இரண்டாவது வாரம் அடித்த மழையில், கரைமேல் ஏறிப் பார்த்தேன். கிழக்கே மற்றவர் வயல்கள் பச்சையாக நின்றன. மேற்கே தங்கையின் வரப்புகூடத் தெரியவில்லை. மாப்பிள்ளை குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், ஒங்க ரயிலு வருதா பாருங்க. வந்தா ஏறிப் போயிருவோம்."

பின்னால் நின்ற தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் வேட்டியைத் துவைத்துப் போடுவதற்காகக் கணவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். மார்கழியில் நிலத்தை ஒரு செங்கல் சூளைக்காரருக்கு எழுதிக் கொடுத்தார்கள். தண்ணீர் நின்றால் அவருக்கு நல்லது, களிமண் பதமாக இருக்குமாம். கிரயம் வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே. மாப்பிள்ளை மறுபடி குவைத்துக்கு விசா பார்க்க ஆரம்பித்தார், அறுபதை நெருங்கும் வயதில்.

பதில் வந்தது. தங்கை பெயருக்குப் பதிவுத் தபால், நல்ல தாள், பிழையில்லாத தமிழ். மனுதாரர் மேற்படி கிளைப்பாதையைக் கேட்டவராகத் தம்மை இணைத்துக்கொண்டு, பாதை போட்ட நாள்முதல் உள்ள பராமரிப்பு நிலுவையைச் செலுத்துவாரானால், பாலத்தைத் தூர்வாருவது விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்கப்படும். வரைவில் ஒரு குறை சொல்ல முடியாது; நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியையும் எழுதிக் கொடுத்தேன்: தை நான்கு.