பில்ற்றருக்கு ஒரு கால், குழாய்க்கு ஒரு கால்

பலேர்மோவிலிருந்த யாழ்ப்பாணத்து ஆட்களுக்குள் இராஜதுரையைப் போலக் குளிருக்குப் பயந்தவர் வேறு யாரும் இல்லை. ஒக்ரோபரில், ஊர்ச்சனம் இன்னும் கடலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே, அவர் கழுத்தில் மப்ளர் ஏறிவிடும். காற்சட்டைக்குள் ஒரு கம்பளிக் காற்சட்டை. மழை தூறினால் இரண்டு. வுச்சீரியாச் சந்தை மீன்காரர்கள் அவரைக் கண்டால் பெட்டிக்குள்ளிருந்து ஐஸ்கட்டியை எடுத்துக் காட்டுவார்கள். அவர் தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிவிடுவார்.

எலுமிச்சம்பழ வியாபாரி தானோவிடம் அவர் லொறி ஓட்டினார். சிசிலிக்கு வெளியே போனதே இல்லை. 1996 ஜனவரியில், வடக்கே போகிற சாரதி படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். பொலோஞ்ஞாவுக்குப் பழம் கொண்டுபோகும் வேலை இராஜதுரையின் தலையில் விழுந்தது.

"மலையில் கடுங்குளிர். ஒரு சூடாக்கி வாங்கிப் பூட்டிக்கொண்டு போ" என்றார் தானோ.

முதலாளி தன்மீது இவ்வளவு அன்பு வைத்திருக்கிறாரே என்று இராஜதுரைக்குக் கண் கலங்கியது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் உதிரிப்பாகக் கடைக்காரன் கேட்டான்: "சூடாக்கி டீசலுக்கா, ஆளுக்கா?"

டீசலுக்கும் குளிருமா? விசரன் போலக் கேட்கிறானே என்று நினைத்து, "ஆளுக்கு!" என்றார். ஆசனத்துக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்கென்று தனியாக மண்ணெண்ணெய்த் தாங்கி, சூடான காற்றை ஊதும் விசிறி. பூட்டி முடிந்ததும் அரைமணி நேரம் அதன்மேல் சும்மா இருந்து பார்த்தார்.

அவருடைய மனைவி ஞானம்பிகை லிபெர்த்தாத் தெருவில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டுக்காரச் சிஞ்ஞோரா குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போய்விட்டதால் அவளுக்கும் விடுமுறை.

"நானும் வாறன். எனக்கும் பனி பாக்கோணும்."

"பனியிலை என்ன கிடக்கு பாக்க? வெள்ளையாக் கிடக்கும். அவ்வளவுதான்."

"அதைத்தான் பாக்கோணும்."

புளோரன்ஸ் தாண்டி லொறி மலையேறியது. வெளியே பனி கொட்டியது. உள்ளே இராஜதுரை பெனியனோடு வேர்த்து வழிந்தபடி, வாழ்க்கையில் முதன்முறையாக ஜனவரியை ரசித்தார். ஆனாலும் கீழே இரண்டு கம்பளிக் காற்சட்டைகளையும் கழற்றவில்லை. காலநிலையை அவர் நம்புவதில்லை.

திடீரென்று லொறி இருமியது. இரண்டு தரம் விக்கியது. பிறகு பேசாமல் நின்றுவிட்டது.

ஞானம்பிகை கதவைத் திறந்து பனிக்குள் குதித்தாள். "ஐயோ, மாவுக்குள்ளை விழுந்த மாதிரி இருக்கு!"

"கதவைச் சாத்தும்! குளிர் உள்ளுக்கை வருது!"

பின்னால் வந்த லொறிக்காரன் நிறுத்தினான். எர்மெஸ் என்று பெயர், அந்தப் பக்கத்து ஆள். ஏறுபடிக்குப் பின்னாலிருந்த டீசல் பில்ற்றரைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே டீசல் உறைந்த நெய்போலக் குழகுழத்துக் கிடந்தது.

"சிசிலியில் அடித்த டீசலா? அதற்கு இந்தக் குளிர் தாங்காது. மெழுகு திரண்டு பில்ற்றரை அடைத்துவிட்டது. சூடாக்கி பூட்டவில்லையா?"

"பூட்டியிருக்கிறேனே!" என்று இராஜதுரை பெருமையாக ஆசனத்தைக் காட்டினார்.

எர்மெஸ் பெட்டியைப் பார்த்தான். பெனியனைப் பார்த்தான். பிறகு சிரிப்புத் தாங்காமல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஞானம்பிகை சிரிக்கவில்லை. சூடு உள்ளே இருக்கிறது, டீசல் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய் வேண்டும். அவள் கணவனின் கால்களைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஒண்டைக் கழட்டுங்கோ."

"எதை?"

"உள்ளுக்கை போட்டிருக்கிறதை. ரெண்டு கிடக்குத்தானே."

"எனக்கு விறைச்சுப் போகுமப்பா!"

"டீசலுக்கு விறைச்சிட்டுது. நீங்கள் இன்னும் கதைக்கிறீங்கள்."

ஆசனத்துக்குப் பின்னால் தொங்கிய திரைச்சீலைக்குள் பெரிய போராட்டம் நடந்து, கம்பளிக் காற்சட்டை ஒன்று வெளியே வந்தது. இடுப்புப் பக்கத்தை விசிறியின் வாயில் கயிற்றால் கட்டினார்கள். கதவிடுக்கால் ஒரு கால் பில்ற்றருக்கும் மற்றக் கால் டீசல் குழாய்க்கும் போனது. விசிறியைப் போட்டதும் காற்சட்டை ஊதிப் பருத்து, லொறிக்குள்ளிருந்து தலையில்லாத ஒரு தடியன் இறங்குவதுபோல ஆடியது. கடந்து போன கார்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்தன. ஒரு கன்னியாஸ்திரி சிலுவை போட்டுக்கொண்டார்.

இராஜதுரை வெளியே நின்று, காற்சட்டையின் கால்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பல் கிடுகிடுத்தது. ஞானம்பிகை அவருடைய முதுகில் பனியுருண்டை எறிந்தாள்.

"எடியேய்!"

"சூடாகட்டும் எண்டு."

கொஞ்ச நேரத்தில் மெழுகு இளகியது. எர்மெஸ் சாவியைத் திருப்ப, லொறி முனகி, புகை கக்கி, உயிர்த்தது. அடுத்த எண்ணெய் நிலையத்தில் குளிர்கால டீசல் நிரப்பும்வரை அவனே முன்னால் போய் வழிகாட்டினான்.

பொலோஞ்ஞாச் சந்தைக்கு அவர்கள் போய்ச் சேர முன்னரே கதை போய்ச் சேர்ந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு எல்லோரும் காற்சட்டையைப் பார்க்கக் கேட்டார்கள். டீசல் மணத்ததால் இராஜதுரை அதை எங்கேயோ எறிந்திருந்தார். இல்லை என்றதும் சனம் மெய்யாகவே மனம் வருந்தியது. தானோ தொலைபேசியில் கத்து கத்தென்று கத்திவிட்டு, கடைசியில் அவரும் சிரித்தார். பிறகு தானே போய் பில்ற்றருக்கான சூடாக்கியை வாங்கிக் கொடுத்தார்.

இராஜதுரை அதற்குப் பிறகு வடக்கே போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். ஞானம்பிகையோ அந்த இளவேனிலில் லொறி ஓட்டப் பழக்கும் பள்ளியில் போய்ச் சேர்ந்தாள்.