தண்டலுக்கு வாந்தி வராது

மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் என் அப்பாதான் தண்டல். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. கடல் எவ்வளவு புரட்டினாலும் உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிடுவார் என்று துறைமுகத்தில் அவருக்கு ஒரு பேர் உண்டு. ஆனால் பஸ்ஸில் ஏறினால் போச்சு. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கே போனாலும் பைக்கில் போகிறவர், அது ரிப்பேரான ஒரு நாள் என்னைத் திருச்செந்தூர் பஸ்ஸில் கூட்டிப்போனார். ஆறுமுகநேரி தாண்டுவதற்குள் இறங்கி, உப்பளத்து ஓரம் குத்தவைத்து எடுத்தாரே ஒரு வாந்தி! எழுந்ததும் முதல் வேலையாக எனக்கு ஒரு கப் ஐஸ் வாங்கித் தந்தார்.

“யார்ட்டயும் சொல்லப்படாது, என்னளா?”

சத்தியம் செய்துகொடுத்தேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் வந்தது. முந்தின நாள் ஆஸ்பத்திரியில், மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா வந்து வரிசையாகக் கேள்வி கேட்டார். கட்டிலைச் சுற்றி மாமாவும் தோணி ஆட்களும் நின்றார்கள்.

“பஸ்ல, கார்ல போனா வாந்தி வருமா?”

அப்பா சிரித்தார். “நான் தண்டலும்மா. கடல்லயே வராதது ரோட்லயா வரும்?”

“அத்தானுக்கா வாந்தி?” என்று மாமாவும் சேர்ந்து சிரித்தார்.

“சும்மா கேக்கலய்யா. மயக்கம் தெளியும்போது ஓங்கரிச்சா வயித்துத் தையலுக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எழுதிக்கொண்டு போனார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் சத்தியம் போகும், சொல்லாவிட்டால் அப்பாவின் வயிறு பிரிந்துவிடும். பஸ்ஸுக்கும் ஆபரேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்பதும் விளங்கவில்லை. மாடிப்படி வரை ஓடிப்போய் டாக்டரம்மாவை மறித்து, அழுதுகொண்டே உப்பளத்துக் கதையைச் சொல்லிவிட்டேன்.

“அப்பாட்ட சொல்லிராதிய.”

அவர் தலையாட்டிவிட்டு, காகிதத்தில் எழுதியதை அடித்துத் திருத்தினார்.

மறுநாள் ஆபரேஷன் முடிந்து அப்பா கண் விழித்தபோது நான் பிளாஸ்டிக் வாளியோடு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் ஓங்கரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கோ ஒரு குமட்டல்கூட இல்லை. சாயங்காலம் மாமாவிடம் பீற்றிக்கொண்டார்.

“பாத்தியாலே, கடல்ல கெடந்த ஒடம்பு!”

வாந்தி வரவே இல்லையென்றால் நான் டாக்டரம்மாவிடம் சொன்னது பொய்தானே? சத்தியத்தையும் மீறி, பொய்யும் சொல்லியாயிற்று. அழுகை அழுகையாக வந்தது.

சனிக்கிழமை மாதா கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு சொன்னேன். டாக்டரம்மா என் பேச்சை நம்பி, மயக்க மருந்தோடு குமட்டலைத் தடுக்கிற ஊசியையும் அப்பாவுக்குப் போட்டிருந்தார். அது தெரியாமல், பொய் சொன்னதற்காக முழங்கால் வலிக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.